கடிக்காத ஷூ

எங்கள் ஊரில் பெரிய மனிதர்களின் புது ஷூவை முதலில் பெரிய மனிதர்கள் போட்டுக்கொள்வதில்லை. புது ஷூ கடிக்கும். அந்தக் கடியை வாங்கிக்கொள்ள இன்னொருவன் கால் வேண்டும். முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்தக் கால் ஈபன் லம்ஸ்டனுடையது.

ஈபன் என் பக்கத்து வீட்டுக்காரன். அவன் இருமினால் என் படுக்கையறையில் கேட்கும், அவ்வளவு மெல்லிய சுவர். கோல்ஃப் மைதானத்தில் ஆட வருகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பது அவன் பிழைப்பு. நான் அதே மைதானத்தில், ஒன்பதாவது குழியைத் தாண்டியதும் இருக்கிற தகரக் கொட்டகையில் சூப் விற்கிற நெட்டா. பாதி ஆட்டம் முடித்து, மூக்கு சிவந்து, கை விறைத்து வருகிறவர்கள் என் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். அதனால் இந்த ஊரில் யார் எப்படிப்பட்டவர் என்று பாதிரியாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஈபனின் கால் ஒடுக்கமானது, நீளமானது. பணக்காரர்களின் கால் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். கிளப்பில் பாதிப் பேருக்கு அதே அளவு. யாராவது புது ஷூ வாங்கினால் அது நேராக ஈபன் வீட்டுக்கு வந்துவிடும். விடியற்காலையில், புல்லில் பனி ஈரம் இருக்கும்போதே, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கம்பளிக் காலுறைகளை மாட்டிக்கொண்டு அந்த ஷூவோடு கிளம்பிவிடுவான். ஒன்று ஷூவை இளக்குவதற்கு. இன்னொன்று தன் வியர்வை பெரிய மனிதர் ஷூவில் நாறக்கூடாது என்பதற்கு. ஈரத்தில் தோல் இளகும். இளகியதைக் கழற்றாமல் காலிலேயே காயவிட வேண்டும், அப்போதுதான் அது காலுக்கு அடங்கும் என்பான். ஷூவை அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைப்பவனை அவன் மனிதனாகவே மதிக்கமாட்டான்.

முதல் வாரம் குதிகாலைக் கடிக்கும். அப்புறம் சுண்டுவிரல். எல்லாம் சேர்ந்து மூன்று வாரம் ஆகும் ஒரு ஷூ அடங்க. அடங்கிவிட்டது என்று எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? கடி நின்னா வேலை முடிஞ்சுது" என்றான்.

அவ்வளவுதான் அவன் கணக்கு. அவன் "ஆச்சு" என்று கொடுத்த ஷூவை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அதற்குக் கிடைத்ததெல்லாம் ஒரு பாட்டில் விஸ்கியோ, முழங்கை தேய்ந்த ஒரு பழைய கோட்டோதான். அதற்கே தொப்பியைக் கழற்றி நன்றி சொல்லிவிட்டு வருவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் அவனுக்கு அறுபது தாண்டிவிட்டது. பை மாட்டுகிற தோள் ஒரு பக்கமாகச் சரிந்து, அவன் நேராக நின்றாலே கோணலாகத்தான் தெரியும். மனைவி மெய்ஸி இறந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. பை தூக்குகிறவர்களுக்குக் கோடையில்தான் சோறு. நவம்பர் வந்தால் மைதானத்தில் காக்கைகள் மட்டும்தான் ஆடும். அப்படியிருக்கும்போது முதல் அடி அடிக்கிற மேட்டுப் பக்கத்து மரக்கூண்டில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களின் பெயரை வரிசையாகக் கூப்பிடுகிற கிழவர் கிராம்பி, இந்த வருஷத்தோடு போதும் என்று சொல்லிவிட்டார்.

ஊரில் அதைவிட நல்ல வேலை கிடையாது. ஒரு நாற்காலி, காலடியில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, மழைக்கு மூடிக்கொள்ள ஒரு ஜன்னல், குளிர்காலத்திலும் சம்பளம். தகுதி என்று ஒன்றே ஒன்றுதான் பார்ப்பார்கள். அடுத்து யார் முறை என்று அந்த ஆள் சொன்னால் அதை யாரும் சந்தேகப்படக்கூடாது. பொய் பேசாதவன் வேண்டும். ஆளைப் போடுவது கிளப்புக்குப் புதிதாக வருகிற கேப்டனின் கையில். புது கேப்டனாக வந்தவர் எடின்பரோ வக்கீல் மிஸ்டர் இன்னஸ். இருபது வருஷமாக அவர் பையைத் தூக்குவது ஈபன்தான்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லபடியா நடக்கட்டும், பாக்கலாம் லம்ஸ்டன்னாரு."

"பாக்கலாம்னா என்ன அர்த்தம்?"

"அவரு மாதிரி ஆளு பாக்கலாம்னு சொன்னா அது குடுத்த மாதிரிதான் நெட்டா. உனக்கு அவங்க பேச்சு புரியாது."

அன்று சாயங்காலமே அந்தக் கூண்டு நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடு என்று என்னிடம் கேட்டான். பழைய திரைச்சீலை ஒன்றை வெட்டித் தைத்துக் கொடுத்தேன். ஆசைப்பட்டால் அவன் முகம் பச்சைப்பிள்ளை முகமாகிவிடும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் கோடையில் அவனுக்கு வேறு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. எங்களில் யாருக்கும் அது புரியவில்லை. என் கொட்டகைக் குழாயில் வாயை வைத்தால் எடுக்கமாட்டான். அவனோடு பை தூக்குகிற பெட்ரி, எதற்கெடுத்தாலும் நக்கல் அடிப்பவன், பெஞ்சிலிருந்து கத்துவான்.

"டேய் ஈபன், கடலையும் சேத்துக் குடிச்சிடாதடா. மீனுங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வை."

"தாகமா இருக்குடா."

"எங்களுக்கும்தான் தாகமா இருக்கு. நாங்க அதுக்குன்னு தண்ணியவா குடிக்கிறோம்?"

எல்லோரும் சிரிப்போம். ஈபனும் சிரிப்பான். கால் இரண்டும் எப்போதும் சில்லென்று இருக்கிறது, பஞ்சு சுற்றின மாதிரி இருக்கிறது என்பான். தூங்கும்போதுகூடக் காலுறையைக் கழற்றுவதில்லை. வயசாகிறது என்று அவனும் நினைத்தான், நாங்களும் நினைத்தோம்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. செப்டம்பரில், புது கேப்டன் பதவியேற்கிற நாளில், ஊரே கூடி நிற்க அவர் முதல் மேட்டில் ஏறி ஒரே ஒரு பந்தை அடிப்பார். அடிக்கிற அதே நொடியில் பீரங்கி வெடிக்கும். பை தூக்குகிறவர்களெல்லாம் தூரத்தில் நின்று, விழுகிற பந்துக்கு அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எடுத்துக்கொண்டு வருகிறவனுக்கு ஒரு தங்கக் காசு. அதற்குப் பிறகு கேப்டன் பழைய கேப்டன்களோடு பதினெட்டுக் குழியும் நடந்து ஆட வேண்டும். அன்று அவர் காலில் இருப்பது எடின்பரோவில் தைத்த புது ஷூவாக இருக்க வேண்டும். பழைய ஷூவில் வந்தால் பழைய கேப்டன்களை அவமதித்தது போல. இதையெல்லாம் யார் எப்போது ஆரம்பித்தார்களோ, எவருக்கும் தெரியாது. ஆனால் மீற ஒருவருக்கும் தைரியம் கிடையாது.

ஷூ தைப்பவன் தாமதம் செய்துவிட்டான். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இன்னஸ் காரில் வந்து, பெட்டியை ஈபன் கையில் கொடுத்தார். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"மூணு வாரமாவது வேணும் சார்" என்றான் ஈபன்.

"ஒரு வாரம்தான் இருக்கு லம்ஸ்டன். நீ கெட்டிக்காரன், எப்படியும் செஞ்சிடுவ."

காரும் போய்விட்டது. ஈபன் ஷூவை எடுத்து வளைத்துப் பார்த்தான். வளையவே இல்லை. பலகை மாதிரி இருந்தது. அவன் முகம் விழுந்துவிட்டது.

மறுநாள் காலை நான் கொட்டகையைத் திறந்து அடுப்பைப் பற்றவைக்கிறேன், மேட்டின் மேலிருந்து ஈபன் ஏறக்குறைய ஓடி வருகிறான். காலில் அந்த ஷூ. அடியில் இருக்கும் ஆணிகள் என் கல் தரையில் கடகடவென்றன.

"நெட்டா! கடிக்கவே இல்ல!"

"என்னது?"

"கடிக்கவே இல்லங்கறேன். அஞ்சு குழி நடந்துட்டேன். சொந்த வீட்டுல நடக்குற மாதிரி இருக்கு. என் ஆயுசுல இப்படி ஒரு ஷூ நான் போட்டதில்ல."

"எடின்பரோக்காரன் தோலுக்குப் பதிலா வெண்ணெய்ல தெச்சிருக்கானா?"

"தெரியல. அந்த ஆளு கையை எடுத்து முத்தம் குடுக்கணும்."

இன்னும் ஓரிரண்டு காலை போட்டு நடந்தான். கடி இல்லை. கொழுப்பு தடவித் துடைத்து, வாரம் முடிவதற்கு முன்பே ஷூவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். "ஆச்சு சார். இதைவிடச் சுகமான ஷூ இந்த மைதானத்துல நடந்ததில்ல" என்று சொன்னானாம். இன்னஸ் அவன் தோளைத் தட்டினாராம். அந்தத் தட்டலை என்னிடம் வந்து எத்தனை தரம் சொல்லிக் காட்டினான் என்று கணக்கில்லை.

விழா அன்று கடற்காற்று கத்தியாக இருந்தது. பீரங்கி வெடித்தது, பந்து பறந்தது, பெட்ரி இரண்டு பேரைக் கீழே தள்ளிவிட்டுப் பந்தை எடுத்துத் தங்கக் காசைப் பல்லால் கடித்துப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. நான் என் கொட்டகைக்கு வந்து ஆட்டெலும்பும் பார்லியும் போட்ட சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் ஒன்பதாவது குழியை முடித்து வரும்போது தூரத்திலேயே தெரிந்துவிட்டது. கேப்டன் நொண்டிக்கொண்டு வந்தார். பழைய கேப்டன்கள் மூன்று பேர் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்கள். ஈபன் பையோடு கடைசியில் வந்தான், ரத்தமே இல்லாத முகத்தோடு. பெட்ரி இன்னொருவர் பையோடு அவன் பக்கத்தில்.

இன்னஸ் என் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து ஷூவைக் கழற்றி வீசினார். குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. பெரிய காயம் ஒன்றும் இல்லை. என் பேத்தி அதற்கு அழக்கூட மாட்டாள்.

"லம்ஸ்டன், இங்க வா."

வந்தான்.

"இந்த ஷூவ ஒரு தரமாவது கால்ல போட்டியா?"

"போட்டேன் சார்."

"பொய் சொல்லாத."

"போட்டேன் சார். கடிக்கல சார்."

"கடிக்கலையா?" பழைய கேப்டன்களைப் பார்த்து இன்னஸ் கையை விரித்தார். "கேளுங்க. கடிக்கலையாம். கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தா எந்த ஷூவும் கடிக்காது."

அவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒருவர், வெள்ளை மீசைக்காரர், "இவனைத்தான கூண்டுல உக்கார வெக்கப்போற? நாளைக்கு என் முறையக் கட்டிலுக்கு அடியில வெச்சுடப்போறான்" என்றார். இன்னும் சிரிப்பு.

நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். ஈபன் அத்தனை வருஷத்தில் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. புதரில் விழுந்த பந்தை இரண்டு விரற்கடை நகர்த்தி வைக்கச் சொன்ன ஆளுடைய பையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தவன் அவன்.

"நான் பாத்தேன் சார், அதைப் போட்டுக்கிட்டு இங்கதான் வந்தாரு" என்றேன்.

"நீ சூப்பப் பாரு நெட்டா" என்றார் இன்னஸ், திரும்பாமலே.

அப்போதுதான் ஈபன் பையை இறக்கி வைத்தான். என் வாசல் படியில் உட்கார்ந்து தன் சொந்த ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"என்ன பண்ற?" என்றார் இன்னஸ்.

"என் காலக் காட்டுறேன் சார். கடிச்சிருந்தா தடம் இருக்கும். இல்லன்னா அது கடிக்கலைன்னு நீங்களே பாத்துக்கலாம். நான் பொய் சொல்லல."

இடது ஷூ வந்துவிட்டது. காலுறை வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. ஈபன் அதைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு வெடுக்கென்று இழுத்தான். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பும் மஞ்சளுமாக ஒரு குழி. அதன் வாசனை என் சூப் வாசனையைத் தாண்டி வந்தது.

ஈபன் காலைத் தூக்கி முட்டிமேல் வைத்துக்கொண்டு, வேறு யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல் பார்த்தான். விரலால் தொட்டான். அழுத்தினான்.

"இது எப்ப ஆச்சு?" என்று என்னைக் கேட்டான். "நெட்டா, இது வலிக்கவே இல்லியே."

பெட்ரிதான் தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து முதலில் ஓடி வந்தான். இன்னஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மூடு அதை. சாப்பிடுற இடம் இது" என்றார். பிறகு காரில் இருந்த தன் பழைய ஷூவை எடுத்துவரச் சொன்னார். வழக்கம் அன்று மீறப்பட்டது. வானம் இடிந்து விழவில்லை. "பெட்ரி, என் பையையும் நீயே எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மீதி ஒன்பது குழியையும் ஆடி முடித்தார்.

டாக்டர் பார்த்ததும் சர்க்கரை என்றார். ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, காலின் உணர்ச்சியை அது தின்றுவிட்டது என்றார். ஷூ முதல் நாளே கடித்திருக்கிறது, அந்தப் புண் எலும்பு தெரிகிற அளவுக்குப் புரையோடியிருக்கிறது. கடி நின்றால் வேலை முடிந்தது என்று நினைத்தவனுக்குக் கடியே தெரியவில்லை. முதலில் புண்ணைச் சுற்றி வெட்டினால் போதும் என்றார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் தினமும் கொட்டகையைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவேன். அவன் அழுதுகொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டு போனால் தெளிவாக உட்கார்ந்திருப்பான்.

"இப்ப வலிக்குது நெட்டா" என்றான் ஒருநாள்.

"எங்க?"

"இடது குதிகால்ல. சரியான கடி."

கம்பளி அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது.

"மூணு வாரம் வேணும்னு அப்பவே சொன்னேன்ல" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு பாத்தியா? நான் பொய் சொல்லலைன்னு அவருக்கு இப்ப தெரிஞ்சுபோச்சு. நாலு பேரு முன்னாடி தெரிஞ்சுபோச்சு. பை தூக்கத்தான் ரெண்டு காலு வேணும். கூண்டுல உக்கார்றதுக்கு எதுக்கு? கட்டைக்கால் மாட்டிக்கிட்டா வீட்டுலேருந்து கூண்டு வரைக்கும் நடந்துட மாட்டேனா?"

நடக்கலாம்தான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கால் போனதற்கு விலையாக அதையாவது கொடுப்பார்கள் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

இன்னஸ் அடுத்த ஞாயிறு வந்தார். நல்ல கோட்டு, கையில் ஒரு பை திராட்சை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஈபன் படுக்கையிலேயே நிமிர்ந்து தலைமுடியைக் கையால் படிய வாரிக்கொண்டான்.

"கிளப் விருந்துல உன்னப் பத்தி எல்லார்கிட்டயும் சொன்னேன் லம்ஸ்டன். ஒரு வார்த்தை பொய் இல்லன்னு சொன்னேன். எல்லாரும் எழுந்து நின்னு உன் பேருக்கு ஒரு கிளாஸ் குடிச்சாங்க."

"சந்தோஷம் சார்."

"நம்ம கிளப்புல இப்படி ஒரு கதை நடந்ததே இல்லைன்னு பேசிக்கிறாங்க."

கதையாம். நான் திராட்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், அந்தக் கூண்டு வேலை…" என்றான் ஈபன்.

இன்னஸ் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தார். "பெட்ரி திங்கட்கிழமை சேர்றான்."

ஈபன் கம்பளியின் ஓரத்தை மடித்துவிட்டான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நானா இருந்தா உனக்குத்தான் குடுத்திருப்பேன். ஆனா சில மெம்பர்கள் சொன்னாங்க. அதுவும் நியாயமாத்தான் இருக்கு. முதல் அடி அடிக்கப் போறவன் மனசு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாததா? அந்த நேரத்துல உன்னப் பாத்தா அன்னிக்கு நடந்தது ஞாபகம் வரும். கை நடுங்கிடும். புரியுதுல்ல?"

"புரியுது சார்."

"நீ புரிஞ்சுப்பேன்னு தெரியும்" என்று எழுந்தார்.

நான் அவர் பின்னாலேயே போய்ப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேப்டனின் கோட்டைத் தொட்டேன்.

"சார், ஜன்னல்ல தலை மட்டும்தானே தெரியும்? முட்டி மேல ஒரு கம்பளியப் போட்டுட்டா யாருக்கு என்ன தெரியப்போகுது?"

அவர் கையுறையின் பொத்தானைப் போட்டு முடித்தார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பு, பல்லெல்லாம் தெரிய.

"நெட்டா, உன் சூப் மாதிரி இந்தக் கரையில எங்கயும் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் திரும்பி வந்தபோது ஈபன் திராட்சையை எண்ணாமல் ஒவ்வொன்றாகப் பறித்து கம்பளிமேல் வைத்துக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை.

"என்ன சொன்னாரு?"

"சூப் நல்லா இருக்காம்."

இன்னொரு திராட்சையைப் பறித்து வைத்தான்.

"அவரு சொல்றதும் சரிதான் நெட்டா. நாப்பது வருஷமா நானும் அந்த மேட்டுல நிக்கிறேன். மொத அடி அடிக்கப் போறவன் கண்ணுல இந்த மாதிரி ஒண்ணு படக்கூடாது. என் ஆளு ஆடுறப்ப எவனாவது அப்படி உக்காந்திருந்தா நானே போயி எழுந்துருன்னு சொல்லியிருப்பேன்."

காலை எடுத்த அன்றுகூட நான் அழவில்லை. அப்போது அழுதேன். அவன் என்னைச் சமாதானப்படுத்தினான். இரண்டு பேரில் கால் இல்லாதவன் அவன், தட்டிக்கொடுத்ததும் அவன். இன்னஸை நான் அன்றே வெறுத்து முடித்துவிட்டேன், அதில் ஒன்றும் கஷ்டமில்லை. ஈபன்மேல் வந்த கோபம்தான் இன்னும் போகவில்லை. அடுத்தவன் பையை அவ்வளவு காலம் சுமந்தவன், கடைசியில் தன்னைப் பார்ப்பதற்குக்கூட அடுத்தவன் கண்ணைத்தான் வாங்கிப் போட்டுக்கொண்டான். அது அவனுக்குக் கொஞ்சமும் கடிக்கவில்லை.